61-ஆம் எண் அட்டை

மூத்த மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அவனுடைய பையன், பதின்மூன்று வயது, இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி வந்திருந்தான். துணிமணிப் பெட்டியை விடக் கவனமாக ஒரு தடித்த ஆல்பத்தைக் கையோடு கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தால் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள். சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. விரல் பட்டால் அவனுக்குக் கோபம் வந்துவிடும்.

டெரெக் ஜீட்டர் என்பவர்தான் அவனுக்கு உயிர். 2014-லேயே ஓய்வு பெற்றுவிட்டவர். "நீ அவர் ஆடிப் பார்த்திருக்கியாடா?" என்று கேட்டேன். இல்லையாம். வீடியோவில்தான். அப்படியிருந்தும் அவருடைய அட்டை மட்டும் நாற்பதுக்கு மேல் சேர்த்திருக்கிறான்.

இந்த அட்டைகள் ஒரு காலத்தில் சிகரெட் பாக்கெட்டில் வந்தனவாம். பிறகு பபிள்கம்மோடு வந்தனவாம். 1952-ல் அச்சான மிக்கி மேண்டில் என்பவரின் அட்டை ஒன்று 2022-ல் ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்றான். நான் காதில் சரியாக விழவில்லையோ என்று இரண்டாம் முறை கேட்டேன். அதே வருடத்து அட்டைகளில் விற்காமல் தேங்கியதை அந்தக் கம்பெனிக்காரரே 1960-ல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டிவிட்டு வந்தாராம். நம் ஊர் ரெக்கார்டு ரூமில் பழைய கோப்பு கழிப்பது போலத்தான்.

"தாத்தாகிட்டயும் ஒரு பெட்டி நிறைய இருக்குது, போய்க் கேளு" என்று உள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். அவளுக்கு அந்தப் பெட்டி பரணில் இடத்தை அடைப்பது நாற்பது வருடக் குறை.

தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே 143 அட்டைகள். எல்லாம் ஒரே ஆள்: குண்டப்பா விஸ்வநாத்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் பள்ளியில் கிரிக்கெட் என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. கால்பந்து உண்டு. சாயந்தரம் பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங்க் ஆடுவார்கள், நாங்கள் வேடிக்கை பார்ப்போம். சேர்க்கும் பழக்கம் மட்டும் அப்போதே ஒட்டிக்கொண்டது. பெரியப்பா ஒருவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் ஊருக்கு வரும்போது பூலேன் சாக்லேட் வாங்கிவருவார். காகிதத்துக்குள் சின்னப் படம் ஒன்று இருக்கும். சாக்லேட்டைத் தங்கை தின்பாள், படம் எனக்கு. ப்ரவே பரீட்சை முடித்த வருடம் அப்பா போய்விட்டார். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிட்டாள். தமிழையும் ஆங்கிலத்தையும் முட்டி மோதிப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனித்தேர்வராக எழுதி, பிறகு சர்வீஸ் கமிஷன் எழுதி, 1973-ல் தாலுகா ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

ஆபீசில் மற்றவர்கள் பேசுவதெல்லாம் கிரிக்கெட். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். ஹெட் கிளார்க் ஐயாவுக்கு என்மேல் இரக்கம் வந்தது. 1975 ஜனவரி 11, இரண்டாவது சனிக்கிழமை, ஆபீஸ் விடுமுறை. தன் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொன்னார். சென்னை சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீசோடு நான்காவது டெஸ்ட். டிரான்சிஸ்டரில் ஆங்கில வர்ணனை ஓட, அவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஆண்டி ராபர்ட்ஸ் என்ற வேகப்பந்துக்காரர் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஏழு விக்கெட் எடுத்தார். ஒருவர் மட்டும் நின்றார். "எவ்வளவு உயரம் இருப்பார் தெரியுமா? உன் தோள் வரைக்கும்தான் வருவார்" என்றார் ஐயா. கடைசியில் பேடியும் சந்திரசேகரும் மறுமுனையில் எத்தனை நேரம் தாங்குவார்கள் என்பதுதான் கேள்வி. சந்திரசேகர் அவுட். மொத்தம் 190. அதில் விஸ்வநாத் 97, நாட் அவுட்.

எனக்கு இன்றைக்கும் எண்ணிக்கை மனசுக்குள் பிரெஞ்சில்தான் ஓடும். கருவூலத்தில் பில் கூட்டும்போதும் அப்படித்தான். பிரெஞ்சில் 97 என்று ஒரே சொல் கிடையாது. கத்ர்-வேன்-தீஸ்-செத் என்போம். நாலு இருபது, ஒரு பத்து, ஒரு ஏழு. கல்லைத் தூக்கி ஒவ்வொன்றாக அடுக்குவது போல. அன்று அவர் எடுத்த ஓட்டமும் அப்படித்தான் அடுக்கியது என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றியது. இன்னும் மூன்று எடுத்திருந்தால் சதம். ஐயா அதற்காக வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமே இல்லை. அந்த டெஸ்டில் இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது.

மறுநாள் பேப்பரில் வந்த படத்தை வெட்டலாம் என்று போனேன். ஐயா வீட்டு அம்மா அதற்குள் அந்தப் பேப்பரைப் பொங்கல் சாமான் டப்பாக்களுக்கு அடியில் விரித்துவிட்டார்கள். ஆகவே என் சேகரிப்பில் 1-ஆம் எண் அந்த 97 இல்லை. அதற்கு முந்தைய கல்கத்தா டெஸ்டில் அவர் 139 அடித்தபோது வந்த, மங்கலான ஒரு தினசரிப் படம்தான் 1-ஆம் எண்.

நம் நாட்டில் அப்போது அமெரிக்கா மாதிரி ஆயத்த அட்டை எங்கே? நானே செய்தேன். ஆபீசில் கழித்துப் போட்ட பைல் அட்டையைப் போஸ்ட் கார்டு அளவுக்கு வெட்டுவேன். மைதா மாவைக் காய்ச்சி, சிட்டிகை மயில்துத்தம் போட்டுப் பசை செய்வேன். மயில்துத்தம் போடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூச்சி தின்றுவிடும். ஒட்டி, மேலே கனமான நிலப்பதிவேட்டை ஓர் இரவு வைத்தால் தட்டையாகிவிடும். பின்பக்கத்தில் தேதி, ஊர், எதிரணி, ஓட்டம் எல்லாம் பிரெஞ்சில் எழுதுவேன். ஏன் பிரெஞ்சில் என்று கேட்டால், ஆபீசில் யாரும் படித்துவிட்டுக் கேலி செய்ய முடியாது, அவ்வளவுதான் காரணம். அதற்கொரு பதிவேடும் போட்டேன். வரிசை எண், நாள், ஆட்டம், ஓட்டம், வந்த வழி என்று ஐந்து பத்தி. கிளார்க் புத்தி எங்கே போகும்?

தினசரிகளில் கறுப்பு வெள்ளைதான். 1978-ல் 'ஸ்போர்ட்ஸ்டார்' வந்த பிறகு வண்ணப் படம் கிடைக்க ஆரம்பித்தது. வாங்கக் கையில் காசு இருக்காது; பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வைப்பேன். சலூன்காரர் ஒருவர் படம் தருவார், பதிலுக்கு அவருக்கு மனு எழுதிக் கொடுப்பேன். 1982-ல் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்துக்கே பஸ் ஏறிப் போனேன். அவர் இங்கிலாந்துக்கு எதிராக 222 அடித்த ஆட்டம். ஒரு முழு நாள் அவரும் யஷ்பால் சர்மாவும் மட்டுமே ஆடினார்கள், ஒரு விக்கெட் விழவில்லை. அந்த ஒரு நாள்தான் நான் அவரை நேரில் பார்த்தது. கேலரியிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுதான் தெரிந்தார். பந்து மட்டையில் படும் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அடுத்த வருடம் கராச்சியோடு அவருடைய டெஸ்ட் ஆட்டம் முடிந்தது. 91 டெஸ்ட், 6080 ஓட்டம், 14 சதம். எல்லோரும் கவாஸ்கர், கபில்தேவ் என்று போய்விட்டார்கள். 1987-ல் உலகக் கோப்பை நம் நாட்டிலும் பாகிஸ்தானிலும் நடந்தபோது 'பிக் ஃபன்' பபிள்கம்மில் ஆட்டக்காரர் படம் வந்ததே, உங்கள் பிள்ளைகளும் அதற்காகக் காசு கேட்டு அழுதிருப்பார்கள். என் மகன் சேர்த்த குவியலில் விஸ்வநாத் ஒன்றுகூட இல்லை. நான் கேட்டபோது, "அவரெல்லாம் இப்ப ஆடறதில்லப்பா" என்றான்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் என் அட்டைகளை ஒன்று ஒன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். மூலை மடங்கியிருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா, ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அவர்கள் வழக்கமாம். என்னுடையவற்றுக்கு இரண்டுக்கு மேல் தேறாது என்று மரியாதையாகச் சொன்னான். ஆனால் பதிவேட்டைப் பார்த்து அசந்துவிட்டான். ஒரு பொருள் எங்கிருந்து யார் கைக்கு வந்தது என்று எழுத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்றான். ஐந்தாவது பத்தியில் விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தவன் நின்றான்.

"தாத்தா, 61-க்கு மட்டும் ஏன் ஒண்ணும் எழுதல?"

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய்.

61-ஆம் எண் முழு வண்ணப் படம். ஸ்கொயர் கட் அடித்து முடித்து, மட்டை தோளுக்கு மேல் போயிருக்கும் நிலை. 1980 மார்ச் மாதம் கிடைத்தது. அப்போது எனக்கு வேறு ஊரில் வேலை. கல்வராயன் மலையடிவாரத்துத் தாலுகா, ஊர் பெயர் வேண்டாம். சாயந்தரமானால் அங்கே ஒரு நூலகத்தில் போய் உட்காருவேன். எந்தப் புண்ணியவான் சந்தா கட்டினாரோ, ஆங்கில விளையாட்டு வார இதழ் ஒன்று அங்கே வந்துகொண்டிருந்தது.

அந்தப் பிப்ரவரியில்தான் பம்பாயில் பொன்விழா டெஸ்ட் நடந்தது. முழுச் சூரிய கிரகணத்துக்காக ஒரு நாள் ஆட்டத்தையே நிறுத்தினார்களே, அதுதான். விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்து 58-க்கு ஐந்து விக்கெட் இழந்து தத்தளித்தது. பிறகு பாப் டெய்லருக்கு, பந்து மட்டையில் பட்டு விக்கெட் கீப்பரிடம் போனதாக, அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். படவில்லை என்று தெரிந்ததும் விஸ்வநாத் அம்பயரிடம் போய் அப்பீலைத் திரும்பப் பெற்று, டெய்லரைத் திரும்ப ஆட வைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டம் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. எங்கள் ஆபீசில் பாதிப் பேர் திட்டினார்கள். நான் அவருக்காக ஒரு வாரம் வாதாடினேன்.

இதைப் பற்றியெல்லாம் இதழில் படித்துவிட்டு, நடுப்பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் படம். வாசக சாலையில் யாரும் இல்லை. பென்சில் சீவ எப்போதும் சட்டைப் பையில் அரை பிளேடு வைத்திருப்பேன். இரண்டு நிமிட வேலை. மடிக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நூலகத்தில் பெருக்கவும், ஜன்னல் திறக்கவும், பத்திரிகை அடுக்கவும் ஒரு பகுதிநேரப் பையன் இருந்தான். மலை கிராமத்துப் பிள்ளை, பத்தொன்பது இருபது வயது இருக்கும். பத்து நாள் கழித்துப் போனபோது அவன் இல்லை. வேறு ஆள் பெருக்கிக்கொண்டிருந்தார். விசாரித்தால், பத்திரிகையைக் கிழித்து வெளியே விற்றுவிட்டானாம், விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். "மலைக்காரப் பசங்களை வெச்சா இப்படித்தான்" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அன்று சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். அரசு ஊழியன் திருடினான் என்று மேலே எழுதிவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம், கையில் குழந்தை. காரணம் எழுத உட்கார்ந்தால் ஒரு கோப்பே எழுதலாம். வீட்டுக்கு வந்து பதிவேட்டில் நான்கு பத்தி நிரப்பினேன். ஐந்தாவதில் பேனா ஓடவில்லை.

பேரன் ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அந்தப் பையனின் ஊர் பெயர் மட்டும் நினைவில் இருந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் காலை பஸ்சில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலை ஏறி, வெள்ளிமலை. சர்வீசில் எத்தனையோ முறை போன பாதை. ஜாகீர்தார்கள் கையிலிருந்த மலை அரசாங்கத்துக்கு வந்து, நிலக் கணக்கு எழுத எங்களை அனுப்பிய காலத்தில் இந்தச் சாலை இப்படி இல்லை. இப்போது தனித் தாலுகா ஆகிவிட்டது. வெள்ளிமலை டீக்கடையில் விசாரித்து, ஒரு ஆட்டோ பிடித்து, கடைசி ஒரு மைல் மரவள்ளிக் காட்டு ஓரமாக நடந்தேன். முழங்கால் கேட்டது.

வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். தலை முழுக்க நரை. நான் யார் என்று சொல்ல வாய் திறப்பதற்குள், "கிளார்க் சார்தானே? உக்காருங்க" என்றார்.

மஞ்சள் பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "தம்பி, இதை வெட்டினது நான்தான்" என்றேன். எப்படிச் சொல்வது என்று பஸ்சில் மூன்று மணி நேரம் தயார் செய்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியும் சார்."

"எப்படி?"

"ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தேன். நீங்க சட்டைக்குள்ள வெச்சதும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார். பிறகு சொன்னார். "என் தம்பிய ஆஸ்டல்ல சேக்கணும்னு சாதிச் சான்றுக்கு எழுதிக் குடுத்திருந்தோம் சார். அந்தக் காயிதம் உங்க மேசையிலதான் இருந்துச்சு. பதினேழு நாளு இருந்துச்சு."

பதினேழு நாள். எனக்கு அந்த மனு நினைவே இல்லை. எத்தனையோ மனு வரும், போகும். மலையாளி பழங்குடிச் சான்று என்றால் விசாரணை அறிக்கை, மணியக்காரர் குறிப்பு என்று இழுக்கத்தான் செய்யும் என்று அந்த நிமிடத்திலும் என் வாயில் வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. கை நீட்டி ஒரு பைசா வாங்கியதில்லை என்று இதே இடத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதைப் படித்து நீங்களும் பாராட்டியிருக்கிறீர்கள். இந்த ஆள் என் மேசைக்குப் பயந்து தன் வேலையைக் கொடுத்திருக்கிறார். அது கணக்கில் எந்தத் தலைப்பில் வரும்?

தம்பி படித்தாரா என்று கேட்டேன். படித்தாராம், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். சான்று பதினெட்டாம் நாள் வந்ததாம். "நீங்க நல்லபடியாத்தான் குடுத்தீங்க சார்" என்றார். அவர் அதை ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

கவரில் கொஞ்சம் பணம் கொண்டுபோயிருந்தேன். எடுத்து நீட்டியதும் முகம் மாறிவிட்டது. உள்ளே வைத்துக்கொண்டேன். டீ வந்தது. அவர் அட்டையை எட்டத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவருக்காகவா சார்? ஆளு குள்ளமா இருக்காரே."

"ஆமாம். ரொம்பக் குள்ளம்."

பின்பக்கம் திருப்பினார். இது என்ன எழுத்து என்று கேட்டார். பிரெஞ்சு என்றேன். படித்துக் காட்டச் சொன்னார். தேதி, ஆட்டம், ஓட்டம் எல்லாம் படித்துத் தமிழில் சொன்னேன். பாப் டெய்லர் கதையையும் சொல்லலாம் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அம்பயர் தப்பாக அவுட் கொடுத்தார் என்கிற இடம் வந்ததும் மேலே போக முடியவில்லை. அவர் வற்புறுத்தவில்லை.

கிளம்பும்போது அட்டைக்குக் கை நீட்டினேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. அவர் கொடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "இதுக்குக் காசு நான்தான சார் கட்டினேன்" என்றார்.

அட்டையைத் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில், ரேஷன் கார்டு செருகியிருந்த இடத்தில் செருகிவிட்டு, ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் என்னோடு வந்தார்.

அன்று இரவே பதிவேட்டை எடுத்தேன். 61-க்கு நேரே ஐந்தாவது பத்தியில், எந்த ஊர் நூலகம், எந்தத் தேதி, யார் வெட்டியது, யாருக்குத் தண்டனை என்று நாலு வரியில் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. இந்த முறை தமிழில். கீழே 'உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டுச் சுருக்கொப்பமிட்டேன். பேரனுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இப்ப 142-ஆ தாத்தா?" என்று கேட்டான்.

142-தான். 1975 சேப்பாக்கம் ஆட்டத்துப் படம் இன்று வரை எனக்குக் கிடைக்கவில்லை. படிக்கிற உங்களில் யாரிடமாவது அந்த வாரத்துப் பேப்பரோ பத்திரிகையோ இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். வெட்டித் தர வேண்டாம்.